கூரையில்லாத வீட்டின் கால்மிதி

முதலில் இடது பூட்ஸ், மூன்று தேய்ப்பு. பிறகு வலது, அதற்கும் மூன்று. குதிகாலைத் திருப்பிப் பார்த்து, சேறு ஒட்டியிருந்தால் மறுபடியும் மூன்று. இத்தனையும் முடிந்த பிறகுதான் பர்ட் மில்பர்ன் வாசற்படியைத் தாண்டுவார். தாண்டினால் உள்ளே புல்தரை, மேலே வானம். அந்த வீட்டுக்குக் கூரை போய் முந்நூறு வருஷம் ஆகிறது.

கால்மிதி தேங்காய் நாரில் செய்தது, என் கடையில் வாங்கியது. வட இங்கிலாந்தின் இந்த நார்தம்பர்லாந்து மழைக்கு இரண்டு வருஷம் தாங்கினால் பெரிது. கோட்டை வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் கால்மிதியையும் உள்ளே இருக்கும் புல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கிழவருக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று முடிவுகட்டுவார்கள். தைரியசாலிகள் கேட்டும் விடுவார்கள்.

"உள்ள புல்லுதானே ஐயா இருக்கு?"

"அடுத்தவங்க வீட்டுக்குள்ள சேத்துக் காலோட போவியா கண்ணு? ஆளு இல்லன்னா வீடு இல்லன்னு ஆயிடுமா?"

பெண்கள் எல்லோரும் அவருக்குக் 'கண்ணு'. ஆண்கள் 'தம்பி'. தொண்ணூறு வயது பாதிரியாரையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். நானும் இந்த எல்டர்ஹோப் கிராமத்தில் கடை வைத்து இருபத்து நான்கு வருஷமாக அவருக்குத் தம்பி.

கம்பிக் கதவில் 'சாவி எதிர்வீட்டில்' என்று பலகை தொங்கும். எதிர்வீடு பர்டுடையது. ஒரு சாண் நீளச் சாவியை, வைக்கோல் கட்டும் நீலக் கயிற்றால் இடுப்பில் கட்டியிருப்பார். யாரிடமும் அதைக் கொடுத்தனுப்பியதில்லை, கூடவே வருவார். எழுபத்திரண்டு வயது, ஒரு தோள் தாழ்ந்த நெட்டை உருவம், குளித்தாலும் கழற்றமாட்டாரோ என்று நினைக்கவைக்கும் தொப்பி. வழிகாட்டி என்று பார்த்தால் தேறமாட்டார். தேதி சொல்லமாட்டார், பரம்பரை சொல்லமாட்டார். நடுக்கூடத்தில் ஆளைக் கொண்டுபோய் நிறுத்தி, "மேல பாரு" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்.

 தளங்கள் எல்லாம் விழுந்துவிட்டதால், சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கணப்படுப்புகள் அந்தரத்தில் நிற்கின்றன. அவற்றின் முதுகில் புகைக்கரி இன்னும் கறுப்பாக இருக்கிறது. மாடிப்படி சுழன்று சுழன்று ஏறி, காற்றில் போய் முடிகிறது. சுவர்க் கனத்தில் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் கையகலக் கீறலாக இருக்கும் ஜன்னல், உள்ளே வரவர விரிந்து இரண்டு பேர் எதிரெதிரே உட்காரும் கல் இருக்கையாகிறது. அந்த இருக்கைகள் நடுவில் குழிந்திருக்கின்றன. யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்தது. கோபுரங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், கல் எனக்குப் புதிதல்ல. ஆனால் இது சாமிக்காக அடுக்கிய கல் இல்லை. பிள்ளைகளைப் பயமில்லாமல் தூங்கவைக்க வேண்டும் என்று மனிதர்கள் அடுக்கியது. முதல் நாள் அங்கே நின்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

பர்ட் சொல்கிற கதை ஒன்றே ஒன்றுதான்.

"வால்டர்னு ஒருத்தன் கட்டின வீடு இது. ஸ்காட்லாந்துக்காரன் வந்து மாட்டையெல்லாம் ஓட்டிட்டு, வீட்டையும் கொளுத்திட்டுப் போயிட்டான். அந்தக் காலத்துல ராஜா அனுமதி இல்லாம மதில் மேல, மறைஞ்சு நின்னு அம்பு விட, பல்லு வரிசை வைக்கக் கூடாது. லண்டனுக்கு ஆளனுப்பி, சீட்டு வந்து சேர்றதுக்குள்ள அவன் இன்னொரு தடவை கொளுத்திடுவான். அதனால இவன் கட்டிட்டு அப்புறம் கேட்டான்."

"ராஜா என்ன சொன்னார்?"

"கட்டினது கட்டினதுதான்னு மன்னிச்சு எழுதிக் குடுத்துட்டார். வேற என்ன பண்ணுவார்? வந்து இடிப்பாரா?"

பிறகு தெற்குச் சுவர் ஜன்னலருகே வந்ததும் அவர் குரல் மாறும். அங்கே கல்லிடுக்குகளில் சாம்பல் நிறத்தில் சிமென்ட் அடைத்திருக்கும். "எவனோ ஒரு முட்டாள் பூசிட்டுப் போயிட்டான்" என்பார். சுண்ணாம்புச் சாந்து மழைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வெயிலில் விட்டுவிடும். சிமென்ட் விடாது. தண்ணீர் கல்லுக்குள்ளேயே தங்கி, பனிக்காலத்தில் உறைந்து, கல்லின் முகத்தைப் பிய்த்துத் தள்ளும். எழுநூறு வருஷம் நின்ற கல் ஐம்பது வருஷத்துக்குள் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் பர்ட் என் கடையில் உருளைக்கிழங்குச் சாக்குகள் கேட்டு வாங்கிப்போக ஆரம்பித்தார். கூடவே கைக்கு வாரம் ஒரு டப்பா வாஸ்லின். விரல்களெல்லாம் வெடித்திருந்தன. ஒரு கோடைக் காலையில் ஐந்து மணிக்கு ரொட்டி வண்டிக்காகக் காத்திருந்தபோது எதிரே டொக் டொக் என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பர்ட் கையில் உளி. சிமென்டை விரற்கடை விரற்கடையாகப் பெயர்த்தெடுத்து, சுண்ணாம்பு வைத்து, காயாமலிருக்க ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த முட்டாள் செஞ்சதுக்கு நீங்க ஏன் கையைப் புண்ணாக்கிக்கறீங்க?" என்றேன்.

"அந்த முட்டாள் நான்தான் தம்பி."

இருபத்தைந்து வயதில் கொத்தனார் கூட்டத்தோடு வந்து பூசியிருக்கிறார். பூசச் சொன்னது பழங்கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம். கையெழுத்து, முத்திரை எல்லாம் உண்டு. அந்தக் காலத்தில் எல்லோரும் சிமென்டைத்தான் நம்பினார்கள். ஆனால் இப்போது அவர் செய்கிற வேலைக்கு எந்தக் காகிதமும் இல்லை. அந்தச் சுவரை அனுமதியில்லாமல் தொட்டால் கோர்ட்டுக்கே இழுக்கலாம். கேட்டிருக்கலாமே என்றேன். "ரெண்டு தடவை எழுதினேன். பரிசீலனையில இருக்காம். பனி பரிசீலனை பண்ணிட்டா வருது?" என்றார்.

இந்தப் பிப்ரவரிப் பனியில் ஒரு கல்முகம் பெயர்ந்து விழுந்தது. ஆபத்து என்று தெரிந்தால் வேலி போட்டு அடைத்துவிட்டு, சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. போன செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வருவதாக இருந்தது. பர்ட் என்னையும் கூப்பிட்டார். "சும்மா பக்கத்துல நில்லு தம்பி, போதும்."

வந்தவர் ஜில் வெதரால், முப்பத்தைந்து வயதிருக்கும், தலையில் மஞ்சள் கவசம். போனில் பேசிக்கொண்டே வந்து கால்மிதியைத் தாண்டி உள்ளே போய்விட்டார். நான் பர்டைப் பார்த்தேன். அவர் வாய் திறந்தது, மூடியது. எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஜில் ஒரு சின்னச் சுத்தியலால் கல் கல்லாகத் தட்டிக்கொண்டே போனார். சிமென்ட் பக்கம் பொத்துப் பொத்தென்றது. ஜன்னலைத் தாண்டியதும் சத்தம் மாறி, கணீரென்று கேட்டது. அவர் கை நின்றது.

"இதை யாரு தொட்டது? கோப்புல எந்த அனுமதியும் இல்லையே."

"வெயில் பட்டு நிறம் மாறியிருக்கும்" என்றேன் நான். பர்ட் என் காலை மிதித்தார்.

"நான்தான் கண்ணு. சிமென்ட் பூசினதும் நான், பேத்து எடுத்ததும் நான். சுவரைக் கெடுத்ததுக்கு அனுமதி இருக்கு. சரி பண்ணினதுக்கு இல்ல."

நீலக் கயிற்றை அவிழ்த்துச் சாவியை நீட்டினார்.  ஜில் அதை வாங்கவில்லை. சரிசெய்த பகுதிக்கு நடுவே கையகலத்துக்கு மட்டும் விட்டுவைத்திருந்த சிமென்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க மட்டும் ஏன் விட்டீங்க?"

பர்ட் டார்ச்சை எடுத்து, சிமென்ட் ஓரத்து இடுக்கில் அடித்தார். உள்ளே பழைய சுண்ணாம்பில் ஒரு கட்டைவிரல் அழுத்திய குழி. ரேகை தெரிந்தது. நகத்தின் விளிம்பும் தெரிந்தது. சாந்து ஈரமாக இருந்தபோது, வால்டரின் கொத்தனார்களில் ஒருவன் அழுத்திய விரல்.

"பாதி சிமென்டுக்கு அடியில இருக்கு. இதுக்கு மேல உளி வைக்க எனக்குக் கை வரல கண்ணு. அன்னிக்கு இவன் மேலதான் பூசியிருக்கேன், பாக்காம."

ஜில் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். நாங்கள் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.  பிறகு நிமிர்ந்தார்.

"கட்டிட்டு அப்புறம் கேக்கறது இந்த வீட்டு வழக்கம் போல" என்றார். "செஞ்சதை நான் உள்ளபடிதான் எழுதணும். அனுமதி இல்லன்னும் எழுதுவேன், சுவர் அதாலதான் நிக்குதுன்னும் எழுதுவேன். வேலி வேண்டாம். மீதிக்கு நீங்க விண்ணப்பம் போடுங்க, நானே கொண்டுபோறேன். இந்த விரல் மேல இருக்கற சிமென்டை எடுக்க மட்டும் ஒரு ஆளை அனுப்பறேன், நீங்க கூட நில்லுங்க."

"சாவி?"

"அதை ஏன் என்கிட்ட நீட்டறீங்க? வண்டியில போய் கேமரா எடுத்துட்டு வரேன், பூட்டிடாதீங்க."

போனவர் திரும்பி வந்தார். வாசலில் நின்று காலடியைப் பார்த்தார். இடது பூட்ஸைத் தேய்த்தார், ஒன்று, இரண்டு. காலை மாற்றப் போனார்.

"இன்னொண்ணு கண்ணு" என்றார் பர்ட்.

ஜில் இன்னொன்று தேய்த்தார். வலதுக்கும் மூன்று. குதிகாலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பர்ட் வாசலிலிருந்து ஒதுங்கி வழிவிட்டு, தொப்பியைக் கழற்றினார்.