ஒன்பதாம் மாடிக்குப் போட்ட பச்சைப் புள்ளி

எனக்கு லிப்ட் என்றால் பயம். விழுந்துவிடுமோ என்ற பயமில்லை, வராமல் போய்விடுமோ என்ற பயம். நாங்கள் இருப்பது கவுன்சிலின், அதாவது நகரசபையின், கட்டடமொன்றின் ஒன்பதாம் மாடியில். பாரிசவாதம் வந்த நாளிலிருந்து என் கணவருக்குச் சக்கர நாற்காலிதான். நெருப்புப் பிடித்தால் லிப்டைப் பாவிக்கக்கூடாது என்று அதன் பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அப்படியானால் இவர் எதைப் பாவிப்பது என்று எங்கும் எழுதவில்லை.

சில வருடங்களுக்கு முன் இதைப் பற்றி ஒரு விசாரணை நடந்தது. கவுன்சில் செய்கிற வேலையைப் பற்றிக் கவுன்சிலர்களே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள்; ஸ்குருட்டினி கமிட்டி என்று அதற்குப் பெயர். குடியிருப்பவர்களும் வந்து பேசலாம் என்றார்கள். நானும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். கடைசியில் சில பரிந்துரைகள் எழுதினார்கள். அதில் ஒன்று எங்களுக்கானது. படியிறங்க முடியாத ஒவ்வொருவரின் வீட்டுக்கும் ஆள் போய்ப் பேசி, ஆபத்து வந்தால் அவரை யார், எப்படி இறக்குவது என்று திட்டம் போடவேண்டும். கமிட்டி அதை ஏற்றுக்கொண்ட அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு ஒருவரும் வரவில்லை. கீழ்வீட்டு டோஸ்டரில் பாண் கருகினாலும் எனக்கு அது நெருப்புத்தான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நடைபாதையில் மூக்கை நீட்டியபடி நிற்பேன்.

"நீர் மோப்பம் பிடிக்கிற வேலைக்கே போயிருக்கலாம்" என்று இவர் உள்ளேயிருந்து பகிடி விடுவார். வாதம் விழுந்தது கைகாலில்தான், வாயில் இல்லை.

போன வசந்தத்தில் ஹரோவில் இருக்கும் மகள் போன் எடுத்தாள். கவுன்சிலின் இணையத்தளத்தில் எதையோ பார்த்திருக்கிறாள். "அம்மா, உங்கட ரெக்கமண்டேஷன் கிரீன் ஆகிட்டுது. கம்ப்ளீட்டட் எண்டு போட்டிருக்கினம். ஆர் வந்தவை?"

பழைய பரிந்துரைகள் என்னவாயின என்று பார்க்க, இடைக்கிடை அவற்றை அந்தக் கமிட்டியின் முன் கொண்டுவருவார்களாம். தொடாததற்குச் சிவப்புப் புள்ளி, பாதியில் நிற்பதற்கு மஞ்சள், முடிந்ததற்குப் பச்சை. பச்சை விழுந்து கமிட்டியும் தலையாட்டிவிட்டால் அதற்குமேல் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிவப்பு என்றிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

இவரைக் கேட்டேன். நான் கடைக்குப் போயிருந்த நேரம் கவுன்சிலிலிருந்து யாரோ போன் செய்திருக்கிறார்கள். நெருப்புப் பிடித்தால் வெளியே போக வழி இருக்கிறதா, உதவிக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டார்களாம்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"எல்லாம் ஓகே, நோ ப்ராப்ளம் சேர் எண்டனான்."

"ஏன்?"

"ஒபிஸில இருந்து கேட்டால் வேற என்னத்தைச் சொல்லுறது?"

கத்தவேண்டும் போல இருந்தது. கத்த முடியவில்லை. ஊரில் ஆமிக்காரர் சென்றிப் பொயின்றில் மறித்து இறக்கிக் கேட்டபோதெல்லாம் இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் இவர் உயிரோடு வீடு வந்து சேர்ந்தவர். நானும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். இவர் மட்டுமா? ஆறாம் மாடியில் முழங்கால் ஏலாத ஒரு தமிழ் அக்கா இருக்கிறா. அவவும் பிரச்சினை ஒன்றுமில்லை என்று சொல்லி, போன் எடுத்த பிள்ளையைத் தேத்தண்ணி குடிக்க வரச்சொல்லி அழைத்திருக்கிறா. எங்கள் மரியாதையையும் பயத்தையும் சேர்த்துக் கலக்கித்தான் அந்தப் பச்சைப் புள்ளியை வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பச்சையைக் கமிட்டி பார்க்கப்போகிற கூட்டத்துக்கு இவரையும் கூட்டிக்கொண்டு போக முடிவு செய்தேன். சேர்ட் போட்டு, தலை சீவி, ஜக்கெற்றும் மாட்டியபின் பார்த்தால் லிப்ட் வேலை செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு கண் வைக்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் படியிறங்கினேன். ஒவ்வொரு மாடியிலும் திரும்பி ஏறிவிடலாமா என்றிருந்தது.

மண்டபத்தில் கவுன்சில் அதிகாரி நல்ல அமைதியாகப் பேசினார். குடியிருப்பவர்களோடு தொடர்புகொண்டோம், அவர்கள் நம்பிக்கையோடு இருக்கிறார்கள் என்றார். கமிட்டித் தலைவி, பொதுமக்களில் யாராவது பேசவேண்டுமா என்று கேட்டார். வாய் திறந்தால் என்ன நடக்கும் என்று மனம் எங்கெங்கோ ஓடியது. இவரை வீட்டில் வைத்திருக்க ஏலாது என்று சொல்லி ஏதாவது கெயார் ஹோம், பராமரிப்பு விடுதி என்று அனுப்பிவிட்டால்? ஆனாலும் கை உயர்ந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை, திட்டமும் இல்லை என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

உங்கள் கணவர்தான் பிரச்சினையில்லை என்று உறுதிப்படுத்தினார் என்றார் அதிகாரி, மிகவும் மரியாதையாக.

அவரையே கேட்கலாமா, வந்திருக்கிறாரா என்று தலைவி கேட்டார்.

"லிப்ட் வேலை செய்யவில்லை" என்றேன். "அவர் மேலே இருக்கிறார்."

தலைவி அதிகாரியின் பக்கம் திரும்பினார். பிறகு பச்சையை மஞ்சளாக்கச் சொன்னார்கள். வீடு வீடாக ஆள் போகவேண்டும், ஆறு மாதத்தில் திரும்பவும் அறிக்கை வரவேண்டும் என்றார்கள். எனக்கு வெற்றி என்றுதான் சொல்லவேண்டும். பஸ்ஸில் வரும்போது அந்த ஆறு மாதத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

லிப்ட் அப்போதும் வரவில்லை. மூச்சு வாங்க ஏறிப்போய்க் கதவைத் திறந்தேன். இவர் ஜக்கெற்றைக் கழற்றாமல் வாசலுக்கு நேரே இருந்தார்.

"என்னவாம்?"

"பச்சையை எடுத்திட்டினம். வீட்டை ஆள் வருமாம். ஆறு மாதத்தில திரும்பப் பாப்பினமாம்."

பகிடி ஏதும் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"அதுக்குள்ள ஏதும் நடந்தால் நீர் என்னோட நிண்டு மினைக்கெடக் கூடாது. படியால இறங்கிப் போயிட வேணும். என்ன?"

அத்தனை பேருக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டு வந்த எனக்கு, இவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஓம், போறன்" என்றேன்.

அவர் அதை நம்பி, ஜக்கெற்றைக் கழற்றக் கையை நீட்டினார்.