உத்தரவு கேட்ட கைகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். அப்பா போய் ஓராண்டாகிறது.

அப்பா திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவர். பதினாறு வயதில் பெங்களூருக்கு வந்து, பேட்டையில் கரடிமனை என்று சொல்லும் குஸ்திக் கூடத்தில், பயில்வான்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேலையில் சேர்ந்தார். அங்கே ஒரு வழக்கம். தேய்ப்பவர் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, "தொடலாமா?" என்று கேட்க வேண்டும். பயில்வான் தலையசைத்த பிறகுதான் கை வைக்கலாம்.

பிற்காலத்தில் ஓர் ஓட்டலின் நீராவிக் குளியல் அறையில் வேலை பார்த்தபோதும் அப்பா அதை விடவில்லை. அந்த அறை மஸாஜ் சென்டர் ஆனது, பிறகு ஸ்பா ஆனது, மெழுகுவர்த்தியும் மெல்லிய இசையும் வந்தன. அப்பா மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். தீபாவளியன்று ஜீவனஹள்ளி வீட்டில், பலகையில் உட்கார்ந்திருக்கும் எங்களிடமும் கேட்பார். "வேணாம்னா விட்டுடுவீங்களாக்கும்!" என்று அம்மா கிண்டல் செய்வார்.

அந்தக் காலைகள் எனக்குக் கனவாகத்தான் நினைவிருக்கின்றன. ஜன்னல் வெளிச்சத்தில் ஆவி மிதக்கும். சீயக்காய் வாசனையில் கண் செருகும். அப்பாவின் விரல்கள் தலைக்குள்ளேயே நடந்துபோவது போலிருக்கும். எப்போது குளித்து முடித்தோம் என்றே தெரியாது.

பக்கவாதம் வந்து அப்பாவின் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பீன்யா தொழிற்சாலையில் இரும்பு தூக்கிப் பழகிய நான், அப்பாவையும் அப்படியே தூக்கிப்போய் நாற்காலியில் வைத்துக் குளிப்பாட்டினேன். பெரிய பணிவிடை செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அன்றிலிருந்து அப்பா என்னிடம் பேசவில்லை. பேச்சு வரும், ஆனாலும் பேசவில்லை. ஈரத்துணியால் துடைக்கவும் விடாமல் ஒன்பது நாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இப்படியே என் முகம் பார்க்காமல் போய்விடுவாரோ என்று பயந்துபோனேன்.

பத்தாம் நாள் அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "ஏன்டா, ஒரு வார்த்தை கேட்டியா அவரை?" என்றார்.

வெட்கமாகப் போயிற்று. கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, "அப்பா, தொடலாமா?" என்றேன். என் பக்கம் திரும்பினார். இடக்கையால் என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்தார்.

"ஸ்வல்ப மெதுவா தேய்டா. இது மிஷின் இல்ல" என்றார்.

அதன்பின் ஏழு மாதங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள், அப்பா என் கைகளில் கண்ணயர்ந்தார். என் வாழ்வில் நான் மிகவும் மகிழ்ந்திருந்த காலம் அதுதான்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டி வந்த நண்பர்களையும், அப்பாவோடு வேலை பார்த்தவர்களையும், தெருவாசிகள் அனைவரையும் எங்கள் குடும்பம் கைகூப்பி வணங்குகிறது. ஒருவரை மட்டும் தனியே சொல்ல வேண்டும்.

அப்பாவை எடுக்கும் நாளில் உறவினர்கள் வரிசையாக வந்து, தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். குளிப்பாட்டக் குடத்தில் குழாய்த் தண்ணீர் இருந்தது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. தை மாதம். நீரைத் தொட்டதும் என்னையறியாமல், "ஐயோ, அப்பாவுக்குக் குளிருமே" என்றேன்.

"தம்பிக்கு இனிமே என்னப்பா குளிரு?" என்றார் பெரியப்பா.

பக்கத்து வீட்டு கௌரம்மா அக்கா எழுந்து போனார். சற்று நேரத்தில் ஆவி பறக்கும் வாளியோடு திரும்பி வந்தார்.

"பேக, சீக்கிரம் ஊத்துப்பா, ஆறிடப் போகுது" என்றார்.

குடத்து நீரை வாசலில் கொட்டிவிட்டு, அப்பாவை அந்த வெந்நீரில் குளிப்பாட்டினோம்.