மண்வெட்டியோடு போன மத்தியானம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாதி மாதம். குருக்கள்மடத்தில் இருந்த எனக்கு வாகரைக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் வந்தது. கணவருக்கு ஊரில் வேலை. மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஸ்கூட்டியோடும் இரண்டு பெட்டிகளோடும் ஆசிரியர் குவார்ட்டர்ஸில் போய் இறங்கினேன்.

அங்கே கிணற்றுத் தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும். குளிக்கலாம், துவைக்கலாம், வாயில் வைக்க முடியாது. தண்ணீர் ஏற்றிய பவுசர் லொறி வரும் என்றார்கள். அதுவும் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. இரண்டாவது கிழமையே மகளுக்கு வயிற்றோட்டம் பிடித்துவிட்டது. பிள்ளை துவண்டு போனாள். நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள், வேறெதுவும் கொடுக்காதீர்கள் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நல்ல தண்ணீர் இருந்தது ஒரே இடத்தில்தான். பிரதான வீதியோரமாக ஒரு மணல்மேடு, அது களப்பை, உப்புத் தண்ணீர் ஏரியை, நோக்கிச் சரியும் அடிவாரத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. அதில் தண்ணீர் மெல்ல மெல்ல ஊறும். குடித்தால் இளநீர் மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்து ஆட்கள் அதைப் பூவல் என்பார்கள். இருபது வீடுகளுக்காவது மழை வரும் வரைக்கும் அதுதான் குடிதண்ணீர்.

அங்கே ஒரு ஒழுங்கு இருந்தது. விடியலிலும் பின்னேரமும்தான் அள்ளலாம். தேங்காய்ச் சிரட்டையால் மட்டும்தான் அள்ள வேண்டும். ஒரு பிளாஸ்டிக் கான் நிரம்ப அரை மணித்தியாலம் ஆகும். நடுப்பகலில் ஒருவரும் கிட்டப் போகமாட்டார்கள். கேட்டால், பூவல் உறங்குகிறது என்பார்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், தண்ணீர் உறங்குமா என்ன! முதல் நாள் நான் வாளியை இறக்கியபோது, கருவாடு விற்கும் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், வாளி போட்டால் கலங்கும் என்று எல்லோர் முன்னாலும் தடுத்துவிட்டாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம் படிக்கிறார்கள். டீச்சரையே மறிக்கிறாளே என்று எனக்குப் பொல்லாத கோபம். அதன் பிறகு அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை, வீட்டில் நல்ல தண்ணீர் முடிந்துவிட்டது. மகள் தண்ணீர் தண்ணீர் என்று சிணுங்குகிறாள். பின்னேரம் வரை பொறுக்க எனக்கு மனமில்லை. பள்ளிக்கூடத் தோட்டத்து மண்வெட்டியை எடுத்து ஸ்கூட்டியில் வைத்து, மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு மத்தியான வெயிலில் போனேன். சனம் இல்லை. ஆழம் காணாததால்தான் தண்ணீர் ஊறவில்லை, இந்தச் சின்னக் கணக்குக்கூட இவர்களுக்குத் தெரியவில்லையே என்று நினைத்தபடி இன்னும் இரண்டு அடி தோண்டினேன். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. பத்து நிமிடத்தில் இரண்டு கானும் நிறைந்தன. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவசரத்தில் ஒரு சொட்டு வாயில் விட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை.

வீட்டில் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தேன். மகள் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். நான் குடித்துப் பார்த்தேன். உப்பு. மற்றக் கானும் அப்படித்தான்.

மகளையும் தூக்கிக்கொண்டு திரும்ப ஓடினேன், அதற்குள் பின்னேரமாகியிருந்தது. பெண்கள் பூவலைச் சுற்றி நின்றார்கள். சிரட்டையில் அள்ளுவதும் ருசித்துவிட்டு ஊற்றுவதுமாக இருந்தார்கள். மண் ஏற்ற வரும் லொறிக்காரன்தான் தோண்டியிருக்க வேண்டும் என்று ஒருத்தி திட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள். என்னை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. டீச்சர் அப்படிச் செய்வாரா?

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அது லொறிக்காரன் தலையிலேயே போயிருக்கும். உண்மையைச் சொல்கிறேன், அப்படி நிற்கத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த வெறுங்கான்களைப் பார்க்கப் பார்க்கத் தாங்க முடியவில்லை. நான்தான் தோண்டினேன் என்று சொல்லிவிட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் தரமும் சொல்ல வேண்டியிருந்தது.

ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொருத்தி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள், அது எனக்கு வேண்டியதுதான். கருவாட்டுக்காரப் பெண் மட்டும் குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு தோண்டின நீங்க?"

கையால் காட்டினேன்.

"நல்ல தண்ணி மேலாலதான் நிக்கும் டீச்சர். கீழ முழுக்க உப்பு. பழைய மட்டத்துக்கு மூடி உறங்க விட்டா, திரும்பவும் கூடிவரும்."

உப்புத் தண்ணீருக்குப் பாரம் கூட, நல்ல தண்ணீர் அதன் மேல் மிதக்கும். புத்தகத்தில் இருக்கிற பாடம். அடுத்த தவணையில் அதை அவளுடைய பிள்ளைகளுக்குப் படிப்பிக்க இருந்தவளே நான்தான்! அவ்விடத்திலேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல் இருந்தது.

எல்லோருமாக மேட்டிலிருந்து வெள்ளை மணலை அள்ளி வந்து குழியைப் பழைய அளவுக்கு நிரவினோம். மூன்று நாளைக்குத் தொடுவதில்லை என்று முடிவானது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கான், அரைக் கான் மிச்சம் இருந்தது. அதை வைத்துச் சமாளிக்க வேண்டும். என்னிடம் அதுவும் இல்லை. மகளை ஊருக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கணவருக்கு அழைப்பெடுக்கப் போகிறபோது வாசலில் அந்தக் கருவாட்டுக்காரப் பெண் நின்றாள், கையில் ஒரு பெரிய சோடாப் போத்தல் நிறையத் தண்ணீர்.

"இது பிள்ளைக்கு மட்டும். நீங்க சவரையே குடிங்க," என்றாள், சிரிக்காமல். பிறகு இருவருமே சிரித்துவிட்டோம். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

அந்த மூன்று நாளும் நான் சவரைத்தான் குடித்தேன். பின்னேரங்களில் மற்ற வீடுகளிலிருந்தும் மகளுக்கென்று ஒவ்வொரு போத்தல் வந்தது. முகம் திருப்பிக்கொண்டவளும் ஒன்று அனுப்பியிருந்தாள்.

நான்காம் நாள் விடியலில் எல்லோரும் கூடினோம். அடியில் மெல்லிதாகத் தண்ணீர் கட்டியிருந்தது. கருவாட்டுக்காரப் பெண் ஒரு சிரட்டை அள்ளினாள். தான் குடிக்கவில்லை, என்னிடம் நீட்டினாள்.

"தோண்டின நீங்கதானே. நீங்களே குடிச்சிப் பாத்துச் சொல்லுங்க."

ஒரு வாய் குடித்தேன். நல்ல தண்ணீர்! தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், கான்கள் வரிசைக்கு வந்துவிட்டன. நான் என் கானைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தேன். அவள் அதைத் தூக்கி வந்து, நான் வழக்கமாக வைக்கும் இடத்திலேயே, தன் கானுக்குப் பின்னால் வைத்துவிட்டு அள்ளத் தொடங்கினாள். ஐப்பசி மழை வரும் வரைக்கும் அந்தப் பூவல் எங்களுக்குத் தண்ணீர் தந்தது. மகளும் தேறிவிட்டாள்.

இருபது வீட்டுத் தண்ணீரைக் கெடுத்தவளை அவர்கள் வரிசையிலிருந்து விலக்கியிருக்கலாம், விலக்கவில்லை. இன்று என் வகுப்பில் ஒரு பிள்ளை பிழை விட்டுவிட்டு அதைச் சொல்ல நாவெழாமல் நிற்கும்போது, அந்தப் பெண்கள் என்னிடம் நடந்துகொண்டது போல நடந்துகொள்ளத்தான் பார்க்கிறேன், எல்லா நாளும் முடிகிறதில்லை என்றாலும்.