ஒரு சாண் உயரமான டிரம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். கெலுகோர் என்ற ஊரில் இருக்கிறேன்.

எங்கள் வட்டாரத்தில் மூன்று நாள் குழாயில் தண்ணீர் வராது என்று அறிவித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டு ஒரு நீல டிரம் வாங்கி நிரப்பிவிட்டாள். தெருவே அவளைக் கெட்டிக்காரி என்றது. எனக்கு வயிறு எரிந்தது. அவளுடையதைவிட ஒரு சாண் உயரமான டிரம்மாகப் பார்த்து வாங்கி, விளிம்புவரை நிரப்பினேன்.

இரண்டாம் நாள் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. கை எட்டவில்லை. ஸ்டூலில் ஏறிக் குனிந்தேன். ஸ்டூல் சாய்ந்து, தலைகீழாக உள்ளே போய்விட்டேன். மூக்கில் தண்ணீர் ஏறியது. சத்தம் கேட்டு ஓடிவந்து, என் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தவள் அவள்தான்.

“ஒரு குரல் குடுத்தா நான் மொண்டு தரமாட்டேனாக்கா? கை எட்டுமான்னு பாத்து வாங்கணும்லா!” என்றாள்.

“ஒன்னோடத விடப் பெருசு,” என்றேன், இருமிக்கொண்டே.

வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு ஆழமான டிரம் வேண்டாம். நான் இப்போது மூடி போட்ட சின்ன வாளிகளில்தான் பிடித்து வைக்கிறேன். அவளிடம் எட்டு வாளி, என்னிடம் ஒன்பது.

பேத்தி கவிதா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதியதை ஒரு தடவை படித்துக் காட்டம்மா. பக்கத்து வீட்டுக்காரி பெயர் எங்கேயும் வந்துவிடவில்லையே?