சுற்றுச்சுவரில் வந்தமர்ந்த அம்மன்

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட், ஏரியின் உபரித் தண்ணீர் ஓடிய கால்வாயின் மேல் நிற்கிறது. வாங்கும்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நிறையப் படித்தவன் என்பதால் சமையலறை எந்தத் திசை என்று மட்டும் கேட்டேன்.

தரைத்தளம் எங்கள் வீடு. பக்கவாதத்தில் விழுந்த அண்ணன் அங்கேதான் படுத்திருந்தார். போன மழைக்குத் தண்ணீர் அவர் கட்டில் விளிம்பைத் தொட்டது. பின்பக்கச் சுற்றுச்சுவரைக் கொஞ்சம் இடித்தால் தண்ணீர் பழைய வழியில் போய்விடும். அசோசியேஷன் கூட்டத்தில் வரைபடம் காட்டி மன்றாடினேன்.

"இடிச்சா பாம்பு வரும் சார்," என்றார் செயலாளர். அவர் குடியிருப்பது நாலாவது மாடியில்.

ஓர் ஊரின் ஆழத்தில் கிடக்கும் பழங்கதையைத் தொட்டால் மனிதர்கள் வேறொரு எதிர்காலத்தைத் தாங்களே கற்பனை செய்துகொள்வார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். கதை தேடி, எங்களுக்குத் தண்ணீர் லாரி விடுகிறவரிடம் போனேன். கால்வாய் நடுவே ஓட, இந்த இடமே முன்பு அவர் குடும்பத்து நெல்வயலாக இருந்தது.

"ஏரி ரொம்பி வழிஞ்சா கோடி போவுதுன்னுவோம் அண்ணாத்தே. ஏரியக் காக்குற அம்மா பொறந்த ஊட்டுக்குப் போறான்னு அர்த்தம். மஞ்சத்தண்ணி தெளிச்சு, தண்ணில பொடவ வுட்டு அனுப்பி வெப்போம்."

"இப்போ?"

"இப்போ இன்னா, நெலத்தயே வித்துட்டோம். அவ எப்டிப் போவா, ஆட்டோ புட்சா?"

அடுத்த கூட்டத்தில் வரைபடத்தை எடுக்கவேயில்லை. தாய்வீட்டுக்குப் புறப்பட்ட பெண்ணை நாம் மறித்து நிற்கிறோம் என்றேன். வழிவிட்டால் நம் பிள்ளைகள் மழைக்குப் பயப்படாமல், கோடி போகிற நாளைத் திருவிழாவாகக் கொண்டாடுவார்கள் என்றேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஐ.டி.க்கார அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது தெரியாமப் போச்சே சார்," என்றார் செயலாளர். ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று ஒருமனதாக முடிவானது. அண்ணனிடம் போய், "இந்த மழைக்கு நிம்மதியாத் தூங்கலாம்," என்றேன்.

அலுவலக வேலையாக வெளியூர் போய்த் திரும்பினால், சுவர் இடிபடவில்லை. தண்ணீர் வெளியேற வேண்டிய அதே இடத்தில் கான்கிரீட் மேடை போட்டு, கிரானைட் ஒட்டி, அம்மனை உட்கார வைத்திருந்தார்கள்.

"அம்மா வழியை மறிக்கிறோம்னு சொன்னீங்களே சார். பாவம், அவங்க ஏன் அலையணும்? இங்கயே வெச்சிட்டோம்," என்றார் செயலாளர்.

லாரிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "வெறும் செவுரா இருந்தா நானே ரெண்டு தட்டு தட்டிருப்பேன். இப்ப எவன் கைய வெப்பான், சொல்லு."

மழை வந்தது. தண்ணீர் மேடை வரை போய், திரும்பி, எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. மேலே பால்கனியில் செயலாளர், "பாதத்தத் தொட்டுட்டுத் திரும்புது பாருங்க!" என்று கைகூப்பிக்கொண்டிருந்தார். லாரிக்காரரும் நானும் அண்ணனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து மாடிக்குத் தூக்கினோம். படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரில் இடித்து அவர் முழங்கை கிழிந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். "கதை சொன்னியாமே," என்றார், வாய் கோணியபடி.

அவரை மறுபடி கீழே இறக்கவில்லை. அடுத்த மழைக்கு யார் தூக்குவது? மூன்றாவது மாடியில் வாடகை அறை. ஜன்னலில் மெட்ரோ தூண்கள் தெரிகின்றன. வெள்ளிக்கிழமைகளில் செயலாளர் வீட்டிலிருந்து பிரசாதம் வருகிறது. ஊட்டிவிடுகிறேன். பாதி உள்ளே போகிறது.