அண்ணனின் இடுப்பில் இருந்தது வலை வெட்டும் கத்தி

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் போய் ஒரு வருடம் ஆகிறது. அவருக்காகப் பூசைக்குக் கூடியிருக்கும் உறவுகளே, கண்டக்குழி மக்களே, நான் அதிகம் படித்தவன் அல்லன். மனதில் கிடப்பதை இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அண்ணன் மன்னார்க் கரையில் பிறந்தார். சண்டைக் காலத்தில் எங்களை வள்ளத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். அப்பாவின் இடத்தில் நின்று எங்களை வளர்த்தார். செபமாலை சொல்லாமல் கடலுக்குப் போனதில்லை.

அவருடைய இடுப்புக் கத்தியைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் எல்லாருடைய இடுப்பிலும் இருப்பதுதான் அது. வலை காலில் சுற்றினால் வெட்டி எறிவதற்கு. வள்ளம் கரையேறி வலை இறங்கும் வரை கத்தி செருகிய இடுப்புப் பட்டியை அவிழ்ப்பதில்லை என்பது நம் வழக்கம்.

யுத்தம் முடிந்த பிறகு, நாம் வள்ளம் ஏற்றும் கரையில் ஒரு விடுதிக்காரர் கம்பி வேலி போட வந்தார். அண்ணன் வள்ளத்தைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு ஓடினார். பட்டி இடுப்பில் இருந்தது. கத்தியை அவர் தொடவேயில்லை. கும்பிட்டுத்தான் கேட்டார்: "தம்பி, கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ. வள்ளம் ஏத்த வழி வேணும்."

அண்ணன் வெட்ட வந்தார் என்று பொலிசில் சொன்ன விடுதிக்காரர், அதைச் சூரிக் கத்தி என்றார். வழக்கில் அது காடு வெட்டும் மன்னாக்கத்தி ஆனது. பத்திரிகையில் வாள். சாண் நீளமில்லாத இரும்பு, வாய்க்கு வாய் நீண்டுகொண்டே போனது. அண்ணன் மறியல் சிறையில் கிடந்தார். பஸ்ஸில் அவருடைய மகளைக் காட்டி, வாள்காரனின் பிள்ளை என்று கதைத்தார்கள்.

அன்று கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர்கள் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். ஒருவராவது பொலிசுக்குப் போய் நடந்ததைச் சொன்னீர்களா? உங்களில் ஒருவரின் கால் வலையில் சிக்கிக் கடல் இழுத்தபோது அண்ணன் அந்தக் கத்தியால்தான் அறுத்துக் காப்பாற்றினார். அப்படிக் காப்பாற்றப்பட்டவரின் வாசலில், சாட்சி சொல்ல வரும்படி அண்ணி அழுதுகொண்டு நின்றார்.

"நாங்க பிள்ளைகுட்டிக்காரர் தங்கச்சி. எங்களுக்கு ஏன் இந்த வில்லங்கம்?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் அவர்.

நம்மிடம் மீன் வாங்கும் புத்தளத்து முஸ்லிம் வியாபாரி நானா மட்டும் பொலிசுக்குப் போனார். அவரும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர். "இந்தக் கத்தி இல்லாம கடலுக்குப் போறவன நான் காணல்ல சேர். வலை கால்ல சுத்தினா எதால வெட்டுற?" என்று கேட்டிருக்கிறார். அன்று கரையில் நின்றாயா என்று திருப்பிக் கேட்டார்கள். அவர் பொய் சொல்லவில்லை; இல்லை என்றார். அனுப்பிவிட்டார்கள்.

பிணையில் வந்த அண்ணன் தவணைக்குத் தவணை கோட்டுக்கு அலைந்து, நெஞ்சுநோவில் போய்விட்டார். ஆள் இல்லாததால் வழக்கு முடிந்ததாம். குற்றமற்றவர் என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய பெட்டியைத் தூக்க மட்டும் எல்லாரும் தோள் கொடுத்தீர்கள்.

நானாவுக்கும், மறியலுக்கு வந்து செபித்த பங்குச் சுவாமிக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடன் இருக்கும். மற்றவர்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. பரலோக மந்திரத்தில், தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல என்று சொல்லும் இடம் வரும்போது என் வாய் அடைத்துப் போகிறது. ஆண்டவர் என்னைத் திருத்தட்டும்.

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அண்ணனின் பிள்ளைகளோடு நிற்பேன். அன்று பார்த்ததை, பலர் காதிலும் விழும்படி அவர்களிடம் சொல்லுங்கள். கோட்டில் சொல்லாததை அங்கேயாவது சொல்லுங்கள்.