மல்பெரி மரத்தில் ஒரு மஞ்சள் முடிச்சு

அந்த மரத்தைத் தொட்டால் விரல் கறுத்துவிடும். பழம் உதிரும் மாதம் அது. துருக்கியின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊர். அங்கே பெக்தாஷி என்ற சூஃபி மரபினர் வணங்கும் ஞானி ஒருவரின் சமாதி. அதன் முற்றத்தில்தான் அந்த மல்பெரி மரம் நின்றது. கிளையெல்லாம் வேண்டுதல் துணிகள். தாழ்ந்த கிளை ஒன்றில் நான் கட்டியது, நாலு மிளகை முடிந்த மஞ்சள் துணி. அதை முடிந்து கொடுத்தவர் கொல்லிமலைக்காரர்.

அப்போது என் கணவருக்குக் கொல்லிமலையில், திண்ணனூர் நாடு என்ற பகுதியில் அரசு வேலை. பத்திரிகை வேலையை விட்டுவிட்டு நானும் மலைக்கு வந்திருந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மிளகு விவசாயி. தை மாதம், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறிப் பறிக்கும்போது விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து கட்டிலில் கிடந்தார். மகளைப் பார்க்க நான் அங்காரா போகிறேன் என்று தெரிந்ததும் அவர் மனைவி வந்தார்.

“அங்க சாமி கும்புடற எடம் எதாச்சும் இருக்குமுங்களா அம்மிணி?”

“மக குடியிருக்கற ஊட்டுக்கார அம்மா ஒரு சமாதிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க. முஸ்லிம் பெரியவருங்க அக்கா.”

“இருக்கட்டுமே. பெரியவருன்னா எல்லாருக்கும் பெரியவருதானுங்க. இந்த மனுசன் எந்திரிச்சு நடந்தாப் போதும்.” மஞ்சள் துணியில் நாலு மிளகை முடிந்து என் கையில் கொடுத்தார்.

சமாதியின் வாசலில் அந்த வீட்டுக்கார அம்மா நிலையில் முத்தமிட்டார். படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனார். திரும்பும்போது முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்தே வெளியே வந்தார். நானும் அப்படியே வந்தேன். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆணும் பெண்ணும் சேர்ந்தே நின்று வேண்டினார்கள். வெளியே கடையில் ஞானியின் படம் விற்றார்கள்: ஒரு கையணைப்பில் மான், மறு கையணைப்பில் சிங்கம். பக்கத்து வீட்டுக்கு ஒன்று வாங்கினேன்.

முற்றத்தில், வேண்டுதல் பலித்த ஒரு குடும்பம் கோதுமைச் சோறும் கறியும் பரிமாறியது. லோக்மா என்றார்கள். தட்டுகள் நிறைந்த பிறகும் யாரும் கை வைக்கவில்லை. ஒரு முதியவர் எழுந்து ஏதோ கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள்: “யார் மேலயாவது மனத்தாங்கல் இருக்கா, எல்லாருக்கும் சம்மதமான்னு கேக்கறார். ஒருத்தர் இல்லைன்னாலும் சாப்பிட மாட்டாங்க.” எல்லோரும் சம்மதம் என்றார்கள். அதன் பிறகுதான் சாப்பாடு. நோட்டில் குறித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் கேட்டேன், ஒன்றைத் தவிர: கட்டிய முடிச்சை யார் அவிழ்ப்பது?

ஐப்பசியில் பக்கத்து வீட்டுக்காரர் கம்பு ஊன்றி எழுந்தார். தை பிறந்தபோது கம்பும் இல்லை. மிளகு பழுத்துச் சிவந்திருந்தது. கணுக்களில் கால் வைத்து ஏறும் ஒற்றை மூங்கில் ஏணியை அவர் வெளியே எடுத்தார். அவர் மனைவி அதைக் கீழே தள்ளி, மேலே உட்கார்ந்துகொண்டார். மலையில் வழக்கம் அதுதான்: வேண்டியது பலித்தால் முடிச்சை அவிழ்க்க வேண்டும். அதுவரை வேண்டுதல் முடிந்ததாகக் கணக்கில்லை; மரம் ஏற விடமாட்டேன் என்றார்.

“துருக்கியில இருக்கற துணிக்கும் எம்பட மரத்துக்கும் என்னடி சம்பந்தம்?”

“காலு வந்ததுக்குச் சம்பந்தம் இருந்துச்சுல்ல?”

“குருவி தின்னுட்டுப் போகுது பாரு.”

“தின்னட்டும். மறுக்கா உங்களக் கட்டல்ல போட்டு என்னால தூக்க முடியாதுங்க.”

தன் மரத்தில் வேறு ஆள் கை வைக்க அவர் விட்டதில்லை. ஒரு வாரம் வேலியோரம் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தார்.

மகளுக்குப் போன் செய்தேன். முடிச்சை அவிழ்த்துவிடச் சொல்லும்படி கேட்டேன். அந்த வீட்டுக்கார அம்மா மறுத்துவிட்டார். அவிழ்த்தால் கிடைத்ததைத் திருப்பிக் கொடுப்பதுபோல ஆகிவிடுமாம். யார் கட்டியதையும் யாரும் தொட மாட்டார்களாம். அவிழ்த்தாகிவிட்டது என்று நான் ஒரு வரி பொய் சொல்லியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் அன்றே மரம் ஏறியிருப்பார். எனக்கு அந்த வரி வரவில்லை. நடந்ததை நடந்தபடி பக்கத்து வீட்டில் சொன்னேன்.

அந்த அக்கா சுவரில் மாட்டியிருந்த மானையும் சிங்கத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அவுக்கவே கூடாதுன்னா, பலிச்சதுக்கு அங்க என்னதான் பண்ணுவாங்க?”

“சோறாக்கிப் போடுவாங்க.”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க அம்மிணி!”

நோட்டை எடுத்து, சம்மதம் கேட்கும் வழக்கத்தையும் வாசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும். அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்து இலை முன்னால் உட்கார்ந்தார்கள். அந்த அக்கா கரண்டியோடு நடுவில் நின்று, “யாருக்காச்சும் யாரு மேலயாச்சும் வருத்தமுங்களா? எல்லாத்துக்கும் சம்மதமுங்களா?” என்று கேட்டார்.

“சம்மதமுங்க.”

“எனக்கு எத்தன துண்டுன்னு பாத்துட்டுச் சொல்றனுங்க” என்றார் ஒருவர். சிரிப்பு.

அந்த அக்காவின் கணவர் இலையின் மேல் கையை விரித்து வைத்தார். “எனக்குச் சம்மதமில்ல. ஏணிய இன்னும் குடுக்கலியே.”

குழம்பில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. அந்த அக்கா என்னைப் பார்த்தார்.

“ஒருத்தர் இல்லைன்னாலும் யாரும் கை வைக்கக் கூடாதுங்க அக்கா.”

“நீங்க வேறங்க அம்மிணி.” அவர் கணவர் பக்கம் திரும்பினார். “அஞ்சு கணு. அதுக்கு மேல காலு போச்சு, ஏணிய அடுப்புல வச்சுருவேன்.”

“எட்டு.”

“ஆறு.”

“சோறு ஆறுதுங்க சாமி” என்று ஒரு குரல்.

அவர் இலையிலிருந்து கையை எடுத்தார். “சம்மதம்.”

அடுத்த வருடம் எங்களுக்கு மாற்றல் வந்தது. மகளும் அங்காராவில் இல்லை. இப்போதும் கடையில் மிளகு நிறுக்கும்போது என் காதில் விழுவது அந்த விருந்துக்கு மறுநாள், திங்கட்கிழமைக் காலைதான். அந்த அக்கா ஏணியின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கணுக்களைச் சத்தமாக எண்ணினார். ஆறில் அவர் கணவர் நின்றார். கைக்கு எட்டிய சரங்களைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டார். பிறகு குனிந்து பார்த்தார்.

“ஏழாவதுக்குச் சம்மதமா?”

“பறிச்சது போதும், எறங்குங்க” என்றார் அந்த அக்கா, ஏணியின் பிடியை விடாமல்.